சிவப்பு ஊதாவானால்: நானோ தங்கத்தில் புரதம் ஏற்றும்போது வரும் கோளாறுகள்

சிங்கப்பூரின் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தங்க நானோ துகள்களின்மேல் எதிர்ப்பொருள் புரதங்களை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதங்களை, ஏற்றுவதுதான் என் பணி. 2021 ஆகஸ்ட் முதல் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு ஆறு ஏஆர்டி (கோவிட் விரைவுப் பரிசோதனை) பெட்டிகள் தபாலில் வந்தது நினைவிருக்கும். அந்த வகைச் சோதனைப் பட்டைகள் பலவற்றில் செந்நிறக் கோடாகத் தெரிவது இப்படிப் புரதம் போர்த்திய தங்கத் துகள்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் ஒவ்வொரு தவணையிலும் அதே முகத்தோடு குழாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, ஊதாவாகிவிட்டது." நான் முதலில் கேட்பது புரதம் வந்த குப்பியைத்தான். பெரும்பாலும் கோளாறு துகளில் இருப்பதில்லை. புரதத்தோடு கூடவே வந்த உப்பிலோ, சர்க்கரையிலோ, வேறொரு புரதத்திலோ இருக்கிறது. துகளுக்கு நாம் விரும்பும் புரதம் எது என்று தெரியாது. அருகில் வருவதையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் எல்லாம் சிட்ரேட் போர்த்திய, 40 நானோமீட்டர் விட்டமுள்ள, ஒளி அடர்த்தி (ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 1 உள்ள தங்கக் கரைசலுக்கானவை. எந்தச் சோதனையையும் 1 மில்லிலிட்டரில் முடியுங்கள். முழுக் குப்பியில் கை வைக்காதீர்கள்.

புரதம் சேர்க்கும் முன்பே கரைசல் சரியில்லை

அடியில் செம்மண் போலப் படிந்திருக்கிறதா? குப்பியை மெதுவாகச் சுழற்றுங்கள். சிவப்பு திரும்பிவந்தால் கவலையில்லை. 40 நானோமீட்டர் துகள் சில வாரங்களில் தானாகவே படியும். சுழற்றியும் சாம்பல் நிறமாக இருந்தால் குப்பி குளிர்பதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டி இருந்ததா என்று பாருங்கள். அங்கே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த கரைசலை மீட்க வழியில்லை. புதியது திறவுங்கள்.

புரதம் ஊற்றியவுடன் ஊதா அல்லது நீலமாகிறது

அதிகம் வருவதும் இதுதான், அதிகம் பதற்றம் தருவதும் இதுதான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். நிறமாலைமானியில் 530 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே இருந்த உச்சி தாழ்ந்து அகன்று, 650 பக்கம் எழும்பியிருக்கும்.

இரண்டு குழாய்களை எடுங்கள். ஒன்றில் புரதக் கரைசல். மற்றொன்றில் புரதமில்லாத, அதே தாங்கல் கரைசல் (புரதம் கரைந்திருக்கும், அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் நீர்), அதே கனஅளவு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். எத்தனையோ நாள் வேலையை இது காப்பாற்றியிருக்கிறது.

*தாங்கல் கரைசலுக்கே நிறம் மாறினால்:* உப்புதான். பிபிஎஸ் என்ற வழக்கமான பாஸ்பேட் தாங்கல் கரைசலில் சோடியம் குளோரைடு மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். சிட்ரேட் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்பது மின்சுமையால். உப்பு அந்தச் சுமையை மறைத்துவிடும். உப்பு நீக்கும் சிறு வடிகுழாய் ஒன்றில் புரதத்தை ஓட்டி, 5 மில்லிமோலார் போரேட் கரைசலுக்கு மாற்றுங்கள். சில நிமிட வேலை. வடிகுழாய் இல்லையென்றால் இரவு முழுவதும் சவ்வூடு பிரித்தலில் விடலாம்.

*தாங்கல் கரைசலில் சிவப்பு நிற்கிறது, புரதத்தில் மட்டும் மாறுகிறது:* இங்கேதான் பொறுமை வேண்டும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பிஎச், அதாவது அமில-கார அளவு. ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் மொத்த மின்சுமை பூஜ்யமாகும் ஒரு பிஎச் உண்டு. அதற்குச் சற்று மேலே, அரை அளவு கூடுதலாக, கரைசலை வைத்தால் புரதம் நன்றாக ஏறும். ஐஜிஜி வகை எதிர்ப்பொருளுக்கு நாங்கள் 8.5இல் தொடங்கி 9 வரை போகிறோம். பொட்டாசியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிஎச் தாளில் பாருங்கள். பிஎச் மானியின் முனையை நேரடியாகத் தங்கக் கரைசலில் முக்க வேண்டாம். முனையிலிருந்து கசியும் உப்பு கரைசலைக் கெடுக்கும், படியும் தங்கம் முனையை அடைக்கும். இரண்டு பக்கமும் இழப்பு.

அடுத்து அளவு. புரதம் குறைவாக இருந்தால் ஒரே புரதம் இரண்டு துகள்களுக்கு நடுவே பாலமாகிவிடும். அரைகுறையாகப் போர்த்துவது போர்த்தாமலே இருப்பதைவிட மோசமானது. மாணவர்கள் விலையுயர்ந்த எதிர்ப்பொருளை மிச்சம் பிடிக்கப் பார்க்கும்போதெல்லாம் இது நேர்கிறது. அவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சோதனைக் குழாயில் இரண்டு மடங்கு ஊற்றிப் பார்க்கச் சொல்வேன்.

பிறகு ஊற்றும் முறை. தங்கக் கரைசல் சுழன்றுகொண்டிருக்கும்போது புரதத்தை ஒரே வீச்சில் சேர்க்க வேண்டும். அசையாமல் நிற்கும் கரைசலின் மேற்பரப்பில் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் பிறகு கலக்கினால், அந்தச் சொட்டைச் சுற்றி இருந்த துகள்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். தொலைவில் இருந்தவை வெறுமையாக நிற்கும்.

கடைசியாகப் புரதத்தின் நலம். பலமுறை உறைந்து உருகிய எதிர்ப்பொருளில் கட்டிகள் இருக்கும். மையவிலக்குச் சுழலியில் 10,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு) பத்து நிமிடம் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுத்து மறுபடி முயலுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீலமென்றால் புரதத்தின் இயல்பே அப்படி இருக்கலாம். முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம், பிஎச் 11 அளவு வரை நேர்மின்சுமை கொண்டது. எதிர்மின்சுமையுள்ள சிட்ரேட் துகளைக் கண்டதும் ஒட்டவைத்துவிடும். இப்படிப்பட்ட புரதத்துக்கு நேரடி ஏற்றம் ஒத்துவராது. பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) போர்த்திய துகளை வாங்கி வேதிப்பிணைப்பால் இணைப்பது செலவு கூடிய வழி, ஆனால் அதுதான் வழி.

கலக்கும்போது சிவப்பு, உப்புச் சேர்த்தால் நீலம்

துகள் முழுவதும் மூடப்படவில்லை. எவ்வளவு புரதம் போதும் என்று கண்டுபிடிக்க உப்புச் சோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். பத்துக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் பிஎச் சரிசெய்த அரை மில்லிலிட்டர் தங்கம். புரதம் மில்லிலிட்டருக்கு 0, 1, 2, 4, 6 என்று தொடங்கி 20 மைக்ரோகிராம் வரை. கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 10 விழுக்காட்டு உப்புக் கரைசல் 50 மைக்ரோலிட்டர். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் தாளின்முன் வரிசையாக வைத்துப் பாருங்கள். நீலத்தில் தொடங்கி, ஊதா வழியாகச் சிவப்புக்கு வரும் வரிசை அது. முதன்முதலாகச் சிவப்பு நிற்கும் குழாய்தான் குறைந்தபட்ச அளவு. அதற்கு ஒரு படி மேலே வேலை செய்யுங்கள்.

பூஜ்யக் குழாய் கட்டாயம் நீலமாக வேண்டும். அது சிவப்பாகவே இருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று மகிழ வேண்டாம். ஏதோ ஒன்று ஏற்கெனவே துகளைப் போர்த்தியிருக்கிறது: குழாயில் மிச்சமிருந்த சோப்பு, அல்லது தயாரிப்பாளர் சேர்த்த நிலைநிறுத்தி. சோதனை செல்லாது. குப்பியின் விவரத்தாளைப் படித்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

துகளின் அளவை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதே எடைத் தங்கத்தை 40இலிருந்து 20 நானோமீட்டர் துகளாக்கினால் மொத்தப் புறப்பரப்பு இரண்டு மடங்காகிறது. பழைய குறிப்பேட்டு அளவு போதாது.

சுழற்றியபின் அடியில் படிந்தது கரைய மறுக்கிறது

நல்ல படிவு, அடியில் கெட்டியான செந்நிறத் திரவம்போல் நெகிழ்ந்து கிடக்கும். கெட்ட படிவு, சுவரில் கரி பூசியதுபோல் ஒட்டியிருக்கும்.

வேகத்தைப் பாருங்கள். குறிப்பேட்டில் இருப்பது நிமிடச் சுற்றா, ஜி அளவா? சுழலியின் ஆரம் மாறினால் அதே சுற்றுக்கு விசை மாறும். பக்கத்து ஆய்வுக்கூடத்து இயந்திரத்தின் எண்ணைக் கடன் வாங்கியதால் கரியான தொகுதிகள் எங்களிடம் உண்டு. 40 நானோமீட்டருக்கு 3,000 முதல் 4,000 ஜி, கால் மணி நேரம் என்று நாங்கள் தொடங்குகிறோம். மேல்நீரில் இன்னும் நிறமிருந்தால் நேரத்தைக் கூட்டுவோம், வேகத்தைக் கூட்டுவதில்லை.

வேகம் சரியென்றால், சுழற்றும் முன் துகளின்மேல் எதிர்ப்பொருள் ஏறாத இடைவெளிகளை அடைத்தீர்களா என்று பாருங்கள். எதிர்ப்பொருள் ஏறியபின் 1 விழுக்காடு பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ஆல்புமின், சேர்த்து அரை மணி நேரமாவது விட வேண்டும். மேல்நீரை முழுவதும் உறிஞ்சிவிடாமல் 50 மைக்ரோலிட்டர் விட்டுவையுங்கள். பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகும் கரையவில்லையென்றால் ஒலியலைத் தொட்டியில் சில நொடிகள். அதற்கும் அசையாத கரியை விட்டுவிடுங்கள்.

நிறம் அழகாக இருக்கிறது, ஆனால் கோடு வரவில்லை

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கோளாறு இது. ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தெரியும்.

நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். ஒன்றில் உங்கள் ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பொருள் பிடிக்க வேண்டிய பொருள். மற்றதில், உங்கள் எதிர்ப்பொருள் எந்த விலங்கினுடையதோ அதைப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருள். காயவைத்து, பட்டையைப் பிஎஸ்ஏ கரைசலால் அடைத்து, தங்கக் கரைசலில் நனையுங்கள். ஏஆர்டி பட்டையில் "சி" கோடும் "டி" கோடும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைப் படிப்பது எளிது.

*இரண்டு புள்ளிகளும் வெறுமை:* துகளின்மேல் எதிர்ப்பொருளே இல்லை. குப்பியின் விவரத்தாளில் பிஎஸ்ஏ, ஜெலட்டின் என்ற சொற்களைத் தேடுங்கள். நீர்த்த எதிர்ப்பொருள் கெடாமலிருக்கத் தயாரிப்பாளர்கள் அவற்றைச் சேர்க்கிறார்கள், அதுவும் எதிர்ப்பொருளைவிடப் பல மடங்கு கூடுதலாக. உணவங்காடி நிலையத்தில் மதிய வேளையில் போய்ப் பாருங்கள்; யாரோ டிஷ்யூ பொட்டலம் வைத்து முன்பே இடம்பிடித்த மேசையில் நாம் உட்கார முடிவதில்லை. துகளின்மேல் ஆல்புமின் அப்படி இடம்பிடித்துவிடுகிறது. கரைசல் உப்பைத் தாங்கும், சிவப்பாக மின்னும், எதையும் பிடிக்காது. உப்பு நீக்கும் வடிகுழாய் இதற்கு உதவாது, ஏனென்றால் ஆல்புமினும் பெரிய மூலக்கூறுதான். எதிர்ப்பொருளை மட்டும் பிடிக்கும் புரதம் ஏ அல்லது புரதம் ஜி வடிகுழாயில் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுங்கள். அதைவிட நல்லது, அடுத்த முறை ஆல்புமின் சேர்க்காத வடிவத்தை வாங்குவது. தயாரிப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

*இரண்டாம் எதிர்ப்பொருள் புள்ளி சிவப்பு, ஆன்டிஜென் புள்ளி வெறுமை:* எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறது, வேலை செய்யவில்லை. ஆன்டிஜென் உண்மையில் நல்ல நிலையில் இருக்கிறதா என்று வேறொரு முறையில் உறுதிசெய்யுங்கள். அது சரியென்றால், எதிர்ப்பொருள் பிடிக்கும் கைகள் துகளை நோக்கித் திரும்பிப் படுத்திருக்கலாம், அல்லது மேற்பரப்பில் விரிந்து வடிவம் இழந்திருக்கலாம். பிஎச்சை 7.5, 8, 8.5, 9 என்று மாற்றி நான்கு சிறு தொகுதிகள் செய்து பாருங்கள். உப்பைத் தாங்கும் பிஎச்சும் நன்றாகப் பிடிக்கும் பிஎச்சும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதிலும் தேறாவிட்டால் அதே ஆன்டிஜெனுக்கு வேறொரு எதிர்ப்பொருளை முயலுங்கள். என் கணிப்பில், வேதிப்பிணைப்புக்குப் பாய்வதைவிட இது விரைவாக விடை தரும்.

*இரண்டும் மங்கல்:* கழுவுவதை மறந்திருக்கலாம். துகளில் ஏறாமல் கரைசலில் மிதக்கும் எதிர்ப்பொருள், ஆன்டிஜெனை முந்திப் பிடித்துக்கொள்ளும். அதில் நிறம் இல்லை. இரண்டு முறை சுழற்றிக் கழுவுங்கள்.

வேதிப்பிணைப்பு வழியில் போகிறவர்களுக்கு ஒரு சொல். புரதத்தைத் துகளோடு பிணைக்க உதவும் ஈடிசி என்ற வேதிப்பொருள் ஈரத்தைத் தாங்காது. சிங்கப்பூரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாடம். மைனஸ் 20 டிகிரியிலிருந்து குப்பியை எடுத்தவுடன் திறந்தால் உள்ளே பனி நீராக இறங்கும். மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பிறகு திறவுங்கள். வாங்கியவுடன் சிறு பங்குகளாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. கரைத்ததை உடனே பயன்படுத்துங்கள். டிரிஸ், கிளைசின் உள்ள தாங்கல் கரைசல்களைத் தவிருங்கள். அவற்றில் உள்ள அமீன்கள் புரதத்துக்கு வைத்த இணைப்புகளைத் தின்றுவிடும்.

பட்டை முழுவதும் சிவந்துபோகிறது

அடைப்புப் போதவில்லை. பிஎஸ்ஏ நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பால் புரதமான கேசினுக்கு மாறுங்கள். ஓடும் கரைசலில் ட்வீன்-20 (சோப்புப் போன்ற ஒரு பொருள்) சிறிது சேர்த்துப் பாருங்கள். தங்கத்தைப் பாதியாக நீர்த்தும் பாருங்கள். பலமுறை அதுவே போதும்.

நிறம் சிவப்பு, ஆனால் டிஎல்எஸ் கருவி 500 நானோமீட்டர் என்கிறது

டிஎல்எஸ், சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைக் கணிக்கும் கருவி. அதைவிட உங்கள் கண்ணை முதலில் நம்புங்கள். 500 நானோமீட்டர்க் கட்டிகளே பெரும்பான்மையாக இருந்தால் கரைசல் சிவப்பாக இருக்க முடியாது. நிறமாலையில் உச்சி சில நானோமீட்டர் மட்டும் நகர்ந்து, 650 பக்கம் வால் இல்லையென்றால் துகள்கள் நலமாக இருக்கின்றன.

சிதறும் ஒளி, துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடுகிறது. ஆகவே ஒரு தூசி, பல்லாயிரம் தங்கத் துகள்களின் குரலை அமுக்கிவிடும். கண்ணாடிக் கலத்தைக் கழுவி மறுபடி அளவிடுங்கள். 4 டிகிரியிலிருந்து எடுத்த மாதிரியை உடனே வைத்தால் நம் ஊர்க் காற்றில் கலத்தின் வெளிச்சுவர் வியர்க்கும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் துடைத்து வையுங்கள். குமிழிகள் இருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். எதிர்ப்பொருளின் ஓர் அடுக்கு ஏறினால் விட்டம் ஏறத்தாழ 15 முதல் 25 நானோமீட்டர் கூடுவது இயல்பு. தூசி நீக்க 0.2 மைக்ரான் வடிகட்டியைத் தாங்கல் கரைசலுக்குப் பயன்படுத்துங்கள். புரதம் ஏறிய தங்கத்தை அதில் செலுத்தினால் பாதி வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

மூன்று தூய மாதிரிகளை அளந்தும் அதே பெரிய எண் வந்தால் மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க முன்பதிவு செய்யுங்கள். அதற்கு முன் பணம் செலவழிக்க வேண்டாம்.

தாங்கல் கரைசலில் பிடிக்கிறது, சீரத்தில் பிடிப்பதில்லை

மனித சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், ஆல்புமின் மட்டும் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். நாம் ஏற்றியதோ மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம். அந்தக் கூட்டத்தில் துகள் இறங்கியவுடன் அதன்மேல் புதியதொரு புரதப் போர்வை படிகிறது. டப்ளினிலும் லுண்டிலும் இருந்த குழுக்கள் 2007இல் இதைப் புரத மகுடம் என்ற பொருளில் பெயரிட்டு எழுதின. முதலில் வருவது எண்ணிக்கையில் மிகுந்த புரதம். நேரம் போகப்போக, எண்ணிக்கையில் குறைந்தாலும் இறுகப் பிடிக்கும் புரதங்கள் அதைத் தள்ளிவிட்டு அமர்கின்றன. லியோ வ்ரோமன் பெயரால் வழங்கும் விளைவு இதுதான். டிஷ்யூ பொட்டலத்துக்குக் கிடைக்கும் மரியாதை இங்கே நிரந்தரமில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், டிரான்ஸ்ஃபெரின் என்ற இரத்தப் புரதம் இணைத்த சிலிக்கா துகள்கள் சீரப் புரதங்கள் படிந்தவுடன் தம் இலக்கைக் கண்டுகொள்ளும் திறனை இழந்தன. வேதிப்பிணைப்பால் இணைத்த புரதத்துக்கே அந்த நிலை. ஆகவே, உங்கள் குழாயில் இது நடந்தால் உங்கள் கைத்தவறு என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் எது நடக்கிறது என்று பிரித்தறியுங்கள். சீரத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்த துகளைச் சுழற்றிக் கழுவி, மறுபடி தூய தாங்கல் கரைசலில் புள்ளிச் சோதனை செய்யுங்கள்.

*கழுவியபின் பிடிப்புத் திரும்புகிறது:* மேலோட்டமான போர்வைதான் மறைத்தது, அல்லது சீரத்தில் உள்ள ஏதோ ஒன்று ஆன்டிஜெனைப் பிடித்துவைத்திருந்தது. சீரத்தை நீர்த்துப் பாருங்கள். ட்வீனின் அளவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

*திரும்பவில்லை:* இறுகிய போர்வை படிந்துவிட்டது, அல்லது உங்கள் எதிர்ப்பொருள் கழன்று போய்விட்டது. கழுவிய மேல்நீரில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேதிப்பிணைப்பு தேவை. இல்லையென்றால், இடைவெளிகளைப் பிஇஜியால் நிரப்புங்கள். பிஇஜி போர்வையைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. அப்படித் தடுப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

போர்வையில் என்னென்ன புரதங்கள் என்று, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு செயல்களை மறக்க வேண்டாம். ஒவ்வொரு கழுவலுக்கும் குழாயை மாற்றுங்கள், ஏனென்றால் சீரப் புரதம் குழாயின் சுவரிலும் ஒட்டும். துகளே இல்லாத வெறும் சீரத்தையும் அதே வேகத்தில் சுழற்றி ஒரு தடத்தில் ஓட்டுங்கள். சீரத்தின் சொந்தக் கட்டிகளும் அடியில் படியும். அவற்றைத் துகளின் போர்வை என்று எண்ணி மூன்று மாதம் ஜெல்லில் தெரிந்த ஒரு பட்டையைத் துரத்திய மாணவியை எனக்குத் தெரியும். நன்றாக உழைத்த பெண். அந்தத் தடம் ஒன்று இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

சீரம் எந்தத் தொகுதி, 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியதா என்பதையும் குறித்துவையுங்கள். சூடாக்கியதும் சூடாக்காததும் ஒரே போர்வையைத் தருவதில்லை. ஒவ்வொரு புரதத்தின் பெயரும் அளவும் வேண்டுமென்றால் நிறை நிறமாலை ஆய்வு நடத்தும் மையத்திடம் கொடுத்துவிடுங்கள். மாதிரி தயாரிக்கும் முன்பே அவர்களோடு பேசுங்கள். ட்வீன் கலந்த மாதிரியை அவர்கள் திருப்பி அனுப்பக்கூடும்.

முதல் நாள் நன்றாக இருந்தது, இரண்டு வாரத்தில் கெட்டுவிட்டது

நூல்போல் ஏதோ மிதந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. சேமிப்புக் கரைசலில் 0.02 விழுக்காடு சோடியம் அசைடு சேர்க்கலாம், ஏற்றும்போது சேர்க்காதீர்கள். நூல் இல்லாமல் பிடிப்பு மட்டும் குறைந்தால் எதிர்ப்பொருள் மெல்லக் கழன்றுகொண்டிருக்கிறது. மறுபடி ஒருமுறை கழுவிப் பாருங்கள். சில நாள் தாங்கும். 4 டிகிரியில் வையுங்கள், உறையவிடாதீர்கள்.

கையை எடுத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டிய இடங்கள்

சுழலியில் கீறலோ அரிப்போ தெரிந்தால், அல்லது சமன் செய்தபின்னும் இயந்திரம் அதிர்ந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பராமரிப்பாளரை அழையுங்கள். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் என்று நினைக்காதீர்கள்.

ஒட்டிப்போன தங்கத்தைக் கண்ணாடியிலிருந்து நீக்க அரச திராவகம் வேண்டும்: மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். பயிற்சி மாணவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி, புகைப்பெட்டிக்குள், பழகியவர் ஒருவரோடு மட்டுமே. பயன்படுத்திய திராவகத்தை இறுக மூடிய குப்பியில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். அசைடு கலந்த கழிவையும் கழிநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள். செம்பு, ஈயக் குழாய்களில் அது வெடிக்கும் உப்பாகப் படியும். இரண்டையும் தனித்தனிக் கலங்களில் பெயரெழுதி வையுங்கள். உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தார் வரும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே அவர்களிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.